டிராஃப்டிங் வகுப்புக்கு ரிட்டர்ன் ஆன பிராதுகள் வேண்டும்

சீனியர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சிவில் பக்கம் 12 வருஷமா பிராக்டிஸ் பண்றேன். இந்த செமஸ்டர்ல இருந்து ஒரு சட்டக் கல்லூரியில் பகுதிநேரமா டிராஃப்டிங்கும் (வழக்கு ஆவணங்கள் எழுதுற பாடம்) மூட் கோர்ட்டும் (மாணவர்கள் வாதாடிப் பழகுற மாதிரி நீதிமன்றம்) எடுக்கிறேன். (வக்கீல்கள் பாடம் எடுப்பது பற்றிய 1979 மத்திய அரசு விதிப்படி ஒரு நாளைக்கு 3 மணி நேரம் வரைதான். நான் வாரத்துக்கே 4 மணி நேரம், பயம் வேண்டாம்.)

புரோநோட்டுக் கடனை வசூலிக்க ஒரு பிராது (வழக்கு போட கோர்ட்ல கொடுக்கிற மனு) எழுதச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் கைடைப் பார்த்து அப்படியே இறக்கிட்டாங்க. ஒரு பையன் பணம் எண்ணினப்போ பக்கத்துல நின்ன டீக்கடைக்காரர் வரைக்கும் எழுதியிருக்கான். ஆனா வழக்குமூலம் (வழக்கு போட உரிமை தர்ற காரணம்) எப்போ எழுந்ததுன்னு ஒரு வரி இல்லை! சங்கதி வேற, சாட்சியம் வேறன்னு சிவில் நடைமுறைச் சட்டத்தோட ஆர்டர் 6 ரூல் 2-ஐ நடத்தியும் மண்டையில ஏறலை.

நல்ல மாதிரிகள் என்கிட்டயே இருக்கு. எனக்கு வேண்டியது, குறை இருக்குன்னு வழக்கு நம்பர் ஆகாம திரும்பி வந்த பிராதுகள், கோர்ட் எழுதின ரிட்டர்ன் குறிப்போட. கட்சிக்காரர் பேர், முகவரி, சர்வே நம்பர் எல்லாத்தையும் அடிச்சுட்டு அனுப்புங்க. தமிழ்ப் பிராதுன்னா ரொம்ப நல்லது.

இன்னொண்ணு: மூட்டுக்கு நீதிபதியா உட்கார ஒரு சனிக்கிழமை யாராவது வர முடியுமா? பசங்க பேப்பரைப் பார்த்து ஒப்பிக்கிறாங்க. நடுவுல நிறுத்திக் கேள்வி கேட்கிற ஆள் வேணும். பஸ் சார்ஜும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு.