சாரி பிளவுஸ் தையல் விளம்பரம்: ஒரு கிளிக்குக்கு 2.80 வெள்ளி (ரிங்கிட்) போகிறது, பிட்டை (ஏலத்தில் கிளிக்குக்குக் கேட்கும் விலையை) ஏற்றலாமா?

பிளவுஸ்கடை_கேஎல்:
வணக்கம். கோலாலம்பூர் (கேஎல்) மஸ்ஜித் இந்தியா பகுதியில் இருக்கும் தையல் கடைக்கு கூகுள் ஆட்ஸ் ஓடுகிறது, தேடல் முடிவுகளில் வரும் சர்ச் விளம்பரம் மட்டும். நாளுக்கு 40 வெள்ளி. கிளிக்குக்கு 2.80 போவதால் 14 கிளிக்கோடு மதியத்துக்குள் பட்ஜெட் காலி. ஒரே ஆட் குரூப்பில் (ஒரே விளம்பரத்தைப் பகிரும் தொகுப்பு) 34 கீவேர்டு (தேடல் சொல்): சாரி பிளவுஸ் தையல், லெஹங்கா வாடகை, பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் உடை) ஆல்டரேஷன் எல்லாம். அனைத்தும் பிராட் மேட்ச், அதாவது தொடர்புள்ள வேறு தேடல்களுக்கும் விளம்பரம் வரும். ஹெட்லைன் "தரமான தையல், நியாயமான விலை". விளம்பரத் தரத்துக்கு கூகுள் தரும் குவாலிட்டி ஸ்கோர் பத்துக்கு 3. ஆட் ரெலவன்ஸ் (தேடலுக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது) சராசரிக்குக் கீழ். தீபாவளிக்கு இன்னும் ஆறே வாரம்.

வடக்கு_ஆட்ஸ்:
ஏற்றாதீங்க. அடுத்த இடத்தில் நிற்பவரின் ஆட் ரேங்கை (பிட், தரம் பார்த்து ஏலத்தில் வரும் மதிப்பெண்) உங்கள் ஸ்கோரால் வகுத்து ஒரு சென் கூட்டினால் வருவதுதான் ஏறக்குறைய உங்கள் கிளிக் விலை. அவர் ரேங்க் 8.4 என்று வையுங்கள். ஸ்கோர் 3 என்றால் 2.81 வெள்ளி, 6 என்றால் 1.41. ஏலத்தில் இந்த 1–10 எண் அப்படியே நுழைவதில்லை. ஒவ்வொரு தேடலுக்கும் தரத்தை அந்த நொடியில் தனியாக மதிப்பிடுவார்கள். ஆனாலும் கணக்கு போகிற திசை இதுதான்.

உங்கள் கோளாறு ஹெட்லைனில் தெரிகிறது. லெஹங்கா வாடகைக்குத் தேடுபவர் கண்ணில் "தரமான தையல்" படுகிறது. யார் தட்டுவார்? ரெலவன்ஸும் விழும், அதோடு எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதமும் விழும். பிளவுஸ், லெஹங்கா, பாஜு கூரோங் என மூன்று ஆட் குரூப்பாகப் பிரியுங்கள். 15 ஹெட்லைன் வரை போடலாம், ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள். அதில் இரண்டு மூன்றில் தேடும் சொல்லே இருக்கட்டும்: "சாரி பிளவுஸ் தையல் கேஎல்" மாதிரி. அவை முதல் இடத்திலேயே வரும்படி பின் (pin) பண்ணுங்கள்.

சேர்ச்டெர்ம்_அக்கா:
பிரிப்பதற்கு முன் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை (மக்கள் உண்மையில் தேடிய சொற்களின் பட்டியல்) திறந்து பாருங்க தம்பி. பிராட் மேட்ச்சில் "பிளவுஸ் கட்டிங் வகுப்பு", "தையல் மெஷின் விலை" எல்லாம் காசைத் தின்றுகொண்டிருக்கும். இப்படிப்பட்ட தேடல்களைத் தடுக்கும் நெகட்டிவ் கீவேர்டில் ஒரு விஷயம்: அது ஒரே பொருளுள்ள வேறு சொல்லைத் தானாகப் பிடிக்காது. 'கிளாஸ்' என்று போட்டால் மலாய் 'கெலாஸ்', 'குர்சுஸ்' நிற்காது. மலாயில் "சாரா ஜாஹிட்" என்று தைக்கும் முறையைத் தேடுபவர்களும் வருவார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் தனித்தனியாகச் சேர்க்கணும். நம்ம ஊரில் இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

பிளவுஸ்கடை_கேஎல்:
பிரித்து இரண்டு வாரம் ஆச்சு. பிளவுஸ் குரூப்பில் ரெலவன்ஸ் சராசரிக்கு மேல், ஸ்கோர் 5, கிளிக் 1.90. லேண்டிங் பேஜ் (தட்டினால் திறக்கும் பக்கம்) மட்டும் சராசரிக்குக் கீழ். லெஹங்காவில் ஸ்கோருக்குப் பதில் வெறும் கோடு. எக்ஸாக்ட் மேட்ச் (அதே பொருளில் தேடினால் மட்டும் விளம்பரம்) ஆக்கினால் எண் வருமா?

வடக்கு_ஆட்ஸ்:
வராது. மேட்ச் டைப்பை மாற்றினால் ஸ்கோர் மாறாது. அந்தச் சொல்லையே அச்சாகத் தேடியவர்கள் போதவில்லை என்பதுதான் கோட்டின் அர்த்தம், பழுது எதுவும் இல்லை. லேண்டிங் பேஜுக்கு வருவோம். ஹோம் பேஜுக்கா அனுப்புகிறீர்கள்? பிளவுஸ் விளம்பரத்தைத் தட்டியவர் பிளவுஸ் பக்கத்தில்தான் இறங்கணும். மேலேயே தையல் கூலி, எத்தனை நாளில் கிடைக்கும், அளவு பிளவுஸ் கொண்டுவரணுமா, வாட்ஸ்அப் பட்டன். போட்டோக்களைச் சுருக்குங்கள், போனில் திறக்கத் தாமதமாகக்கூடாது.

சேர்ச்டெர்ம்_அக்கா:
லொக்கேஷன் ஆப்ஷனையும் பாருங்க. இயல்பாக அது "இந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்" என்று இருக்கும். அப்படியே விட்டால் கேஎல் பற்றித் தேடும் வெளிநாட்டவர் கிளிக்குக்கும் நீங்கள்தான் கட்டணும். "இருப்பவர்கள்" மட்டும் தேர்ந்தெடுங்க.