எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாட்டுக்கு யாரைக் கேட்பது?

காட்பாடி மகள்: அம்மாவுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துச் சிறிதாக்குவது) முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். யூடியூப்பில் கேழ்வரகுக் கூழே போதும் என்கிறார்கள், பக்கத்து வீட்டு அக்கா சத்து மாத்திரையெல்லாம் சூடு என்கிறார். யாரை நம்புவது?

குடியாத்தம் செல்வி: ஆபரேஷன் செய்த இடத்து டயட்டீஷியனைத்தான் முதலில் கேளுங்கள். வெளியே பார்ப்பதானால் இந்த ஆபரேஷன் ஆனவர்களைக் கவனித்த அனுபவம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், பவுடர் விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பொதுவாக நாளைக்கு 60 கிராம் புரதமாவது சொல்வார்கள், வெறும் கூழில் அது வராது.

ராணிப்பேட்டை தம்பி: அக்கா, மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் தேவைப்படும், இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே 2 மணி நேரமாவது விடுங்கள். அப்புறம் வாந்தி நிற்காமல் இருந்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பே பாதிக்கும், உடனே டாக்டரிடம் போங்கள்.

காட்பாடி மகள்: சரி தம்பி, திங்கட்கிழமை ரத்த ரிப்போர்ட்டோடு டயட்டீஷியனைப் பார்க்கிறோம்.