புதுப்பிப்பு: மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே வகுப்பில்

மூன்று வயது மகளை ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளோடு ஒரே மாண்டிசோரி வகுப்பில் விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்த்துவிட்டோம்.

அங்கே பிள்ளைகள் தாங்களே எடுத்துக் கற்கும் ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்றுதான். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை 10 கனசதுரங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரமும் அப்படித்தான். ஒருவர் எடுத்திருந்தால் திருப்பி வைக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, கை நீட்டாமல் பார்க்கிறாள். (வீட்டில் இந்தப் பொறுமை கிடையாது!) பாதிக் கற்றல் அப்படிப் பார்ப்பதிலேயே நடந்துவிடுகிறது.

பெரிய பிள்ளைகளுக்குச் சலிக்காதா என்று கேட்டவர்களுக்கு: சின்னவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும்போது அவர்களுக்கே அது இன்னும் தெளிவாகிறது. ஆனால் மூன்று ஆண்டு நீளும் இந்த வகுப்பின் மூன்றாம் ஆண்டுக்குள் பலரும் வேறு பள்ளிக்குப் போய்விடும் இடங்களில் அந்தப் பெரியவர்களே இருக்க மாட்டார்கள். சேர்க்கும் முன் இதை விசாரியுங்கள்.