கேஸ் முடிஞ்சும் இ-டிஸ்கவரி வெண்டர் பில் ஓடிட்டே இருக்கு, உங்க ஃபர்ம்ல எப்படி சமாளிக்கிறீங்க?

ஜெர்சி_குமரன்

வணக்கம் எல்லாருக்கும். நான் நியூஜெர்சில ஒரு நடுத்தர லா ஃபர்ம்ல லிட்டிகேஷன் சப்போர்ட் பாக்குறேன், அதாவது வழக்குக்கு வேண்டிய மெயில், ஃபைல் எல்லாம் சேத்து, அலசி, எதிர்ப்பக்கத்துக்குக் குடுக்கிற இ-டிஸ்கவரி வேலை, அறுபது வக்கீல் இருக்காங்க, இந்த வேலைக்கு நானும் ஒரு பாராலீகலும் (வக்கீலுக்கு உதவியாளர்) மட்டும்தான். ஒவ்வொரு பார்ட்னரும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச வெண்டரைப் பிடிச்சுக்கிறாங்க, இப்ப கணக்குப் பாத்தா ஆறு வெண்டர், ஆறு ரேட், ஆறு விதமான இன்வாய்ஸ். போன வாரம் ஒரு பில்லைப் பிரிச்சுப் பாத்தேன், செட்டில் ஆகி பதினோரு மாசம் ஆன கேஸோட டேட்டா 340 ஜிபி இன்னும் ரிலேட்டிவிட்டிங்கிற டாக்குமென்ட் பாக்குற சாஃப்ட்வேர்ல ஆக்டிவாவே இருக்கு, மாசாமாசம் ஜிபிக்கு இவ்வளவுன்னு ஹோஸ்டிங் (டேட்டாவை வச்சிருக்கிற வாடகை) ஏறிட்டே இருக்கு. நிறுத்தச் சொல்லி எங்க பக்கத்துல யாரும் ஒரு மெயில்கூட போடல. கிளையன்ட்கிட்ட இந்தக் காசை எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேக்குறதுன்னு பார்ட்னர் கேட்டப்ப எனக்கு பதில் வரல.

இதெல்லாம் வேண்டாம், நாமளே சாஃப்ட்வேர் வாங்கி உள்ளயே வச்சுக்கலாம்னு மேனேஜ்மென்ட் பேசுறாங்க. அது சரியா வருமா, இல்ல ஒரே வெண்டர்கிட்ட மொத்தமா காண்ட்ராக்ட் போடறது நல்லதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மீனா_ஹூஸ்டன்

குமரன், நான் ஆறு வருஷம் வெண்டர் பக்கம் ப்ராஜெக்ட் மேனேஜரா இருந்துட்டு இப்ப ஃபர்ம் பக்கம் வந்திருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். ரெண்டு பேர வச்சுக்கிட்டு உள்ளயே நடத்தறது நடக்காத காரியம், ராத்திரி பதினோரு மணிக்கு ப்ரொடக்ஷன் (எதிர்ப்பக்கத்துக்குக் குடுக்கிற டாக்குமென்ட் செட்) லோடு ஃபைல் உடைஞ்சா யாரு எழுந்து பாப்பா, நீங்கதான் பாக்கணும். ஒரு மெயின் வெண்டர், ஒரு ஸ்டாண்ட்பை, ரெண்டு பேருகிட்டயும் ஃபர்ம் பேர்ல ஒரே மாஸ்டர் அக்ரிமெண்ட், பார்ட்னர் யாரா இருந்தாலும் அந்த ரேட்தான்னு வைங்க.

அக்ரிமெண்ட்ல முதல்ல பாக்க வேண்டியது ஜிபின்னா எந்த ஜிபின்னு. நீங்க குடுக்கிற பிஎஸ்டி ஃபைல் (அவுட்லுக் மெயில் மொத்தமா அடங்கின ஃபைல்) 10 ஜிபி இருக்கும், உள்ள இருக்கிற அட்டாச்மென்ட், ஜிப்பு எல்லாம் பிரிச்சா 15, 18ன்னு விரியும், ப்ராசசிங் சார்ஜ் எந்தக் கணக்குக்குன்னு எழுதலன்னா பெரிய கணக்குக்குத்தான் பில் வரும். அடுத்தது ப்ராஜெக்ட் மேனேஜர் மணிக்கணக்கு, அதுல மாசத்துக்கு இத்தனை மணி இலவசம்னு கேளுங்க, தருவாங்க. அப்புறம் 90 நாள் யாரும் லாகின் பண்ணாத டேட்டாபேஸ் பத்தி அவங்களே உங்களுக்கு மெயில் போடணும், ஆர்க்கைவுக்கு மாத்தவான்னு கேக்கணும், இதையும் காண்ட்ராக்ட்லயே போடுங்க.

ஆனா நெஜமா காசு போற இடம் ஹோஸ்டிங் இல்லங்க. ராண்ட்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் 2012ல பெரிய கம்பெனிகளோட கேஸ்களை எடுத்து ஆராய்ச்சி பண்ணிச்சு, அதுல ப்ரொடக்ஷன் செலவுல ஒவ்வொரு டாலர்லயும் 73 சென்ட் டாக்குமென்ட் ரிவ்யூக்கே (ஒவ்வொண்ணா படிச்சு மார்க் பண்ற வேலைக்கு) போகுதுன்னு வந்துச்சு. கஸ்டோடியன், அதாவது யாரோட மெயில், ஃபைலை எடுக்கணுமோ அவங்க, இருபது பேர் வேணுமா எட்டுப் பேர் போதுமான்னு எதிர்ப்பக்க வக்கீலோட முதல் மீட்டிங்கிலயே பேசி முடிச்சா மிச்சமாகிறதுதான் உண்மையான மிச்சம். அந்த மீட்டிங்குக்கு உங்களைக் கூப்பிடறாங்களா? அதை முதல்ல கேளுங்க.

பெருங்குடி_ரிவ்யூ

அண்ணா நான் சென்னைல இருந்து எழுதறேன், பெருங்குடில சட்ட வேலைய வெளிய இருந்து எடுத்துச் செய்யற ஒரு எல்பிஓ கம்பெனில முதல் லெவல் ரிவ்யூ டீம் லீடா இருக்கேன், உங்களை மாதிரி அமெரிக்க ஃபர்ம்களுக்குத்தான் நாங்க வேலை பாக்குறோம். வெண்டருக்கும் கீழ இன்னொரு வெண்டரா நாங்க இருப்போம், எங்க பேரே உங்களுக்குத் தெரியாது, அதனாலதான் இதைச் சொல்லணும்னு தோணுச்சு.

ஒரு கேஸ்ல எங்களுக்கு வக்கீல் பேர் லிஸ்ட் ஒண்ணு வந்துச்சு, இந்தப் பேர் இருந்தா பிரிவிலேஜ்னு (வக்கீல்-கிளையன்ட் ரகசியம், எதிர்ப்பக்கத்துக்குக் குடுக்க வேண்டாதது) மார்க் பண்ணுங்கன்னு. மூணாவது நாள் ராத்திரி ஷிஃப்ட்ல என் டீம்ல புதுசா சேந்த பொண்ணு கூப்பிட்டுக் காட்டினா, ஒரு லேடி அடிக்கடி "சட்டப்படி இதை இப்படி எழுதாதீங்க"ன்னு மெயில் போடறாங்க, ஆனா அவங்க பேர் லிஸ்ட்ல இல்ல. கீழ சிக்னேச்சர் பாத்தா அந்தக் கம்பெனியோட சொந்த வக்கீல். கல்யாணத்துக்கப்புறம் பேர் மாத்தியிருக்காங்க, லிஸ்ட்ல பழைய பேர்தான் இருந்திருக்கு. அதுவரைக்கும் இருநூறுக்கு மேல டாக்குமென்ட் சாதாரணமா மார்க் ஆகிப் போச்சு. ஃபர்ம்ல யாருகிட்ட கேக்குறதுன்னு எங்களுக்குத் தெரியல, வெண்டர் மூலமா மெயில் போட்டு பதில் வர ரெண்டு நாள் ஆச்சு.

தயவுசெஞ்சு ரிவ்யூ நடக்கும்போது தினமும் பத்து நிமிஷம் ஒரு கால் வைங்க, கேஸ் தெரிஞ்ச ஒரு அசோசியேட் அதுல இருக்கட்டும். நாங்க நல்லா வேலை பாக்கணும்னுதான் நினைக்கிறோம், கேஸ் எதைப் பத்தினதுன்னு சொன்னாதான் பாக்க முடியும். அப்புறம் ஃபெடரல் சாட்சிய விதி 502(டி) ஆர்டர் கோர்ட்ல வாங்கி வச்சீங்களான்னு பாருங்க, தவறி ஒண்ணு போனாலும் பிரிவிலேஜ் போகாம திருப்பிக் கேக்கலாம்.

வக்கீல்_சிகாகோ

மேல தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். வெல்ஸ் ஃபார்கோ பேங்க் விஷயம் 2017ல வந்துச்சே, அதை உங்க பார்ட்னர்களுக்கு ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டு சகோதரர்களுக்கு நடுவுல நடந்த வழக்குல பேங்க்கிட்ட டாக்குமென்ட் கேட்டாங்க, பேங்க்கோட வெளி வக்கீல் ஒரு சிடில 1.4 ஜிபி குடுத்தாங்க, அதுல பணக்கார கஸ்டமர்கள் ஆயிரக்கணக்கான பேரோட சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் கணக்கு விவரமும் இருந்துச்சு. வக்கீல் கோர்ட்ல குடுத்த விளக்கம், வெண்டரோட சாஃப்ட்வேர்ல தான் பாத்தது மொத்த டாக்குமென்ட்னு நினைச்சேன், ஆனா அந்த வியூல ஒரு பகுதிதான் தெரிஞ்சிருக்கு, மறைக்கச் சொல்லி மார்க் பண்ணதும் மறைக்கப்படாமலே போயிடுச்சுன்னு.

அமெரிக்கன் பார் அசோசியேஷன் 2008லயே தெளிவா சொல்லிருச்சு, வேலைய வெளிய குடுக்கலாம், பொறுப்பு வக்கீலுதுதான். 2012ல மாடல் ரூல் (வக்கீல்களுக்கான மாதிரி நடத்தை விதி) 5.3 விளக்கத்துல பெரிய வழக்குக்கு டேட்டாபேஸ் நடத்தற கம்பெனியையே உதாரணமா எழுதிச் சேத்தாங்க.

குமரன், ஒரு விஷயம், அந்த 340 ஜிபில எதிர்ப்பக்கம் குடுத்த டாக்குமென்டும் இருக்கா? அந்தக் கேஸ்ல ப்ரொடெக்டிவ் ஆர்டர் (ரகசிய டாக்குமென்ட்டை எப்படி வச்சுக்கணும்னு கோர்ட் போடற உத்தரவு) இருந்தா அதைத் தேடி எடுத்து கடைசிப் பக்கங்களைப் படிங்க. இன்னைக்கே.

ஜெர்சி_குமரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மீனா, அந்த முதல் மீட்டிங்குக்கு என்னை இதுவரை ஒரு தடவைகூட கூப்பிட்டதில்ல, அடுத்த கேஸ்ல இருந்து நானே கேட்டு உள்ள போறேன்.

சிகாகோ சார், நீங்க சொன்னபடி ஆர்டரை எடுத்துப் பாத்தேன். வழக்கு முடிஞ்ச 60 நாளைக்குள்ள எதிர்ப்பக்கத்து கான்ஃபிடென்ஷியல் டாக்குமென்ட் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும் இல்ல அழிச்சிட்டு எழுத்துல சொல்லணும்னு பதினாலாவது பாரால இருக்கு. நான் இத்தனை நாள் பில்லைப் பத்தி மட்டும் கவலைப்பட்டுட்டு இருந்திருக்கேன். பார்ட்னருக்கு ஃபோன் பண்ணிட்டேன், கிளையன்ட்டோட இன்னொரு கேஸுக்கு இந்த டேட்டா மேல ஹோல்டு (அழிக்கக் கூடாதுங்கிற கட்டாயம்) இருக்கான்னு இப்ப செக் பண்றோம், அது தெரியாம எதையும் அழிக்கச் சொல்ல முடியாதுல்ல. வெண்டர்கிட்ட அழிச்சதுக்கு சர்டிஃபிகேட் வாங்கும்போது பேக்கப் டேப்பையும் சேத்து எழுதச் சொல்லணுமா, யாராச்சும் அப்படி வாங்கியிருந்தா வாசகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க.

மீனா_ஹூஸ்டன்

கண்டிப்பா சேருங்க, பேக்கப், ஆர்க்கைவ், அவங்க கீழ வேலை பாத்த கம்பெனிகிட்ட இருக்கிற காப்பி, ப்ரொடக்ஷன் அனுப்பின ஹார்ட் டிரைவ், நாலையும் தனித்தனியா பேர் போட்டு எழுதச் சொல்லுங்க. நாங்க வாங்கினதுல கிளையன்ட் விவரத்தை எடுத்துட்டு வாசகத்தை மட்டும் சாயங்காலம் இங்க போடறேன்.