பிச்சாவரம் கூட்டிப் போய்வந்தால் அதற்கும் மதிப்பெண்ணா?

கரும்பலகை:
ஒன்பதாம் வகுப்பு, இரண்டு பிரிவு, 76 பிள்ளைகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரிக் கடைசியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு ஒருநாள் அழைத்துப் போகிறோம். தலைமை ஆசிரியர் சம்மதித்துவிட்டார். ஆனால் "என்ன பயன் என்று காகிதத்தில் காட்டுங்கள்" என்கிறார். போகுமுன் 25 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, வந்த மறுநாள் அதே வினாத்தாள். கூடுகிற மதிப்பெண்தான் பயன். சரிதானே?

நெய்தல்:
சரியில்லை சார். அதே தாளை இரண்டாம் முறை கொடுத்தால் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கும் மதிப்பெண் கூடும். போன வருடம் நான் கூட்டிப் போனபோது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் படகிலிருந்து எட்டி வெண்கண்டல் இலையைப் பறித்தாள். மேலே பொடிப்பொடியாக வெள்ளைப் படிவு. நக்கிப் பார்த்துவிட்டு "டீச்சர், உப்புக் கரிக்குது" என்றாள். அடுத்து சுரபுன்னை இலை. அதில் அவ்வளவு உப்பில்லை. "அப்ப இது என்ன பண்ணுது?" என்று கேட்டாள். வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிடும் மரம் அது. அந்தக் கேள்விக்கு உங்கள் தாளில் எத்தனை மதிப்பெண்?

ஒன்பதாம் வகுப்பு அப்பா:
மதிப்பெண் இருக்கட்டும். காட்டில் கண்ட இலையைப் பிள்ளைகள் நக்கினார்களா? தில்லை மரமும் அங்கேதான் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதைக் கேட்டபின் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

நெய்தல்:
நியாயமான கோபம் சார். படகு கிளம்புமுன் படகோட்டியே தில்லையைக் காட்டி, இதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதை அனுமதிக் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும், தவறுதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் என்று சொன்னதும் பிள்ளைகள் மறக்கவே இல்லை, அது வேறு கதை.

கணக்கு வாத்தியார்:
டீச்சர், ஒரு பெண் இலை நக்கிய கதையை வைத்து அடுத்த வருடம் பஸ் வாடகை வாங்க முடியாது. மீதிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்களா என்பதும் தெரிய வேண்டும். ஏ பிரிவு ஜனவரியில் போகட்டும், பி பிரிவு பிப்ரவரிக் கடைசியில். பி கிளம்புமுன் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு மாதம் கழித்து நிற்பதுதான் படிப்பு, மறுநாள் நிற்பது வெறும் ஞாபகம்.

நெய்தல்:
இது பரவாயில்லை. ஆனால் தேர்வில் மூச்சுவேர் (காற்று வாங்கச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்) படம் வரையச் சொல்லாதீர்கள், அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பார்த்திராத ஒரு கழிமுகத்தின் போட்டோவைக் கொடுத்து, "இங்கே என்னென்ன கேட்கத் தோன்றுகிறது?" என்று எழுதச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:
அதை யார் திருத்துவது? நீங்கள் திருத்தினால் ஏ பிரிவுக்கு அள்ளிப் போடுவீர்கள். பெயரையும் பிரிவையும் மறைத்து, கூடவே வராத ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள்.

கரும்பலகை:
சரி, தாளை மாற்றுகிறேன். இன்னொரு சிக்கல். மூச்சுவேரைப் பார்க்க நீர் வற்றியிருக்க வேண்டுமாமே?

நெய்தல்:
ஆமாம். வற்றும் நேரம் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். பஸ் பேசுமுன் படகுத்துறையில் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். மிதவைச் சட்டை தலைக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை எங்கே என்பதையும் முன்னாடியே போய்ப் பார்த்துவிடுங்கள். எங்கள் பயணத்தில் பாதி நேரம் அதிலேயே போயிற்று.

ஒன்பதாம் வகுப்பு அப்பா:
என் பையன் பி பிரிவு. ஏ பிரிவு போய்வந்து ஒரு மாதம் கதை சொல்லும், இவன் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டுமா?

கரும்பலகை:
கணக்கு சார், பெற்றோர் கூட்டத்துக்கு நீங்களே வந்து இதற்குப் பதில் சொல்லுங்கள்.