போக்கிமோன் இரட்டையர் போட்டி: எங்கே தொடங்குவது?

திருப்பூர்த் தம்பி: போக்கிமோன் ஸ்கார்லெட் வீடியோ கேமின் கதையை முடித்துவிட்டேன். அணியின் ஆறு போக்கிமோன்களில் நான்கைத் தேர்ந்து, இரண்டிரண்டாக இறக்கும் இரட்டையர் போட்டியில்தான் துவைத்தெடுக்கிறார்கள். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்தால் அணி வளர்க்கவும் நேரமில்லை. அண்ணன்மார் வழி சொல்லுங்கள்.

பொள்ளாச்சி அண்ணன்: வளர்க்கவே வேண்டாம் கண்ணு. வாடகை அணியின், அதாவது வேறொருவர் தயாராக வைத்துப் பகிர்ந்த அணியின், குறியீட்டைப் போட்டு ஆடு. தாக்குதலாக அடுக்காதே, அந்தச் சுற்றில் வரும் அடியைத் தடுக்கும் புரொடெக்ட் நகர்வையும் வை. எதிரிகள் இருவரும் ஒன்றையே குறிவைத்தால் அது தப்பும், பக்கத்தில் நிற்பது நிம்மதியாக அடிக்கும்.

ஈரோட்டுக்காரன்: வேகத்தை விட்டுவிட்டீர்களே! டெயில்விண்ட் என்ற நகர்வு நான்கு சுற்றுக்கு நம் அணியின் வேகத்தை இரட்டிப்பாக்கும். ட்ரிக் ரூம் என்ற நகர்வு விழுந்தால் ஐந்து சுற்றுக்கு மெதுவானவையே முந்தும். பாதிப் பேர் இதில்தான் கவிழ்கிறார்கள்.

திருப்பூர்த் தம்பி: எதிரியின் இன்சினரோர் என்ற போக்கிமோன் இறங்கினாலே என் அடி பிசுபிசுக்கிறதே?

பொள்ளாச்சி அண்ணன்: களமிறங்கியதும் எதிரிகளை மிரட்டும் இன்டிமிடேட் என்ற திறனின் வேலை அது. நேரடித் தாக்குபலத்தை மட்டுமே குறைக்கும். அந்தக் கணக்கில் வராத சிறப்புத் தாக்குதலால் அடி.