ஸ்டெர்ன்டிரைவ் போயிருச்சு: பழைய டிரைவ் வாங்கிப் போடலாமா? அவசரம்

மலைப்படகு:
வணக்கம். நம்ம ஸ்பீடு படகோட ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் சக்தியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோற, பின்பலகைக்கு வெளியே இருக்கிற கியர் பெட்டி) தேஞ்சு போச்சு. ஆக்சிலரேட்டர் கொடுத்தா இன்ஜின் சத்தம்தான் ஏறுது, படகு நகர மாட்டேங்குது. உதகை மலர்க் கண்காட்சிக்கு முன்னாடி தண்ணியில இறக்கியே ஆகணும். கொச்சியில ஒருத்தர் பழைய டிரைவ் இருக்குன்னு சொல்றார். வாங்கிடலாமா, இதையே ரிப்பேர் பண்ணலாமா? தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.

குன்னூர் ஸ்பேனர்:
எந்த இன்ஜின், எந்த டிரைவுங்க? கியர் ஆயில் என்ன நிறத்துல இருக்கு? வளைக்கும்போது சத்தம் வருதா? இது நாலும் தெரியாம டிரைவ் போச்சுன்னு சொல்லவே முடியாதுங்க.

ரப்பர் புஷ்:
இது டிரைவே இல்ல. ப்ரொப்பெல்லர் நடுவுல ஒரு ரப்பர் ஹப் இருக்கும், அது வழுக்குது. மெதுவா போனா ஓடும், வேகம் கொடுத்தா விட்டுடும். ஹப்புக்கும் வெளி உடம்புக்கும் சேர்த்து பெயின்ட்டால ஒரு கோடு போடுங்க. ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து பாருங்க. கோடு விலகியிருந்தா அதுதான்.

தூத்துக்குடி தண்டல்:
தம்பி, படகு வச்சிருக்கவருக்கு அடிப்படை தெரிஞ்சிருக்கணும். டிரைவைக் கழட்டாம இங்க வந்து கேட்டா யாருக்கு என்ன தெரியும்? மொதல்ல ஆயிலை வடிச்சுப் பாரும். சேவிங் கிரீம் மாதிரி வெள்ளையா இருந்தா தண்ணி புகுந்திருக்கு. வடிகால் போல்ட் காந்தத்துல பொடி ஒட்டுறது சகஜம், செதில் செதிலா இரும்பு வந்தா பல்சக்கரம் உடைஞ்சிருக்கு. இதைப் பாக்காம கொச்சிக்குப் பணம் அனுப்பாதீரும்.

ஏரிக்காரன்:
இன்ஜினுக்குப் பின்னாடி, அதை டிரைவோட இணைக்கிற கப்ளரை யாரும் சொல்லலையே! அதுலயும் ரப்பர் உண்டு. கருகின வாசனை வந்துச்சா? கப்ளர் போனா இன்ஜினை முன்னால இழுத்தாத்தான் மாத்த முடியும், பெரிய வேலை.

மலைப்படகு:
இன்ஜின் மெர்க்ரூசர் 3.0 பெட்ரோல், டிரைவ் ஆல்ஃபா ஒன். ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கு, இரும்புச் செதில் இல்ல. வளைக்கும்போது உர்ருனு சத்தம். கருகின வாசனை இல்ல. கொச்சிக்காரர் அது வி8 (எட்டு சிலிண்டர்) படகுல இருந்து எடுத்த ஆல்ஃபா, அப்படியே மாட்டலாம்னு சொல்றார்.

குன்னூர் ஸ்பேனர்:
நிறுத்துங்க, பணம் போடாதீங்க! மாட்ட முடியும், ஆனா ஓடாது. 3.0 நாலு சிலிண்டருக்கு வர்ற ஆல்ஃபாவுல கியர் விகிதம் ஏறக்குறைய 2:1, அதாவது இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ப்ரொப்பெல்லர் ஒரு சுத்து. 5.7 வி8-க்கு வர்றது ஏறக்குறைய 1.5:1. அதை உங்க இன்ஜின்ல போட்டா அதே ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) ப்ரொப்பெல்லர் மூணுல ஒரு பங்கு அதிகமா சுத்தணும். இன்ஜின் திணறிடும். கொச்சிக்காரர் கிட்ட மேல் கேசிங்ல அடிச்சிருக்கிற விகிதத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நம்பிக்கை இல்லைன்னா கியர்ல போட்டு, இன்ஜின் சுத்தலை டிரைவுக்குக் கொண்டுவர்ற யூ ஜாயின்ட்டைக் கையால சுத்தச் சொல்லுங்க. ரெண்டு சுத்துக்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு சுத்து வரணும்.

இன்னொண்ணு, ஆல்ஃபாவுல 1991-ல வந்த ஜென் 2-வையும் (ரெண்டாம் தலைமுறை) அதுக்கு முந்தின ஜென் 1-ஐயும் மேல் பாதி ஒண்ணு, கீழ் பாதி ஒண்ணுனு கலக்க முடியாது.

உங்க சத்தத்துக்கு என் கணக்கு: உர்ருனு வர்றது ஜிம்பல் பேரிங் (பின்பலகையில டிரைவ் ஷாஃப்ட்டைத் தாங்குற பேரிங்), இல்லைன்னா யூ ஜாயின்ட். அதை மூடியிருக்கிற பெல்லோஸ் (ரப்பர் உறை) கிழிஞ்சு தண்ணி போயிருக்கும். பால் ஆயிலுக்குக் காரணம் வேற, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல். மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பு உள்ள சுத்திச் சீலை அறுத்திருக்கும், ப்ரொப்பெல்லரைக் கழட்டினதும் கண்ணுக்குத் தெரியும். வழுக்கல் மூணாவது கோளாறு, அதுக்கு ரப்பர் புஷ் சொன்ன கோட்டைப் போடுங்க.

கழட்டறதுக்கு முன்னாடி ஃபார்வர்ட் கியர்ல போடுங்க, இல்லைன்னா ஷிஃப்ட் மாட்டிக்கும். ஆறு நட்டு. ஆயிலைக் கரையில வடிக்காதீங்கண்ணா, அந்தத் தண்ணிதான் கீழ ஊருக்குப் போகுது.

தூத்துக்குடி தண்டல்:
இவ்வளவு விலாவாரியா எதுக்கு? ஆல்ஃபாவைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு அவுட்போர்டு (பின்பலகைக்கு வெளியே தொங்குற இன்ஜின்) மாட்டும். ரெண்டு போல்ட்டு வேலை.

ஏரிக்காரன்:
ரெண்டு போல்ட்டா? ஸ்டெர்ன்டிரைவ் படகோட பின்பலகையில பெரிய ஓட்டை இருக்குங்க, அதை அடைச்சு உறுதியாக்கணும். இன்ஜின் எடையைப் படகுக்கு உள்ள இருந்து பின்பலகைக்கு வெளியே கொண்டுபோனா சமநிலை மாறும். படகு தாங்குற குதிரைசக்தி ரேட்டிங்கும் பார்க்கணும்.

குன்னூர் ஸ்பேனர்:
கடல்லயும் இங்கயும் ஒண்ணு இல்லைங்கண்ணே. உதகை 2,240 மீட்டர். காத்து மெலிசா இருக்கு, 300 மீட்டருக்குச் சுமாரா 3 சதவீதம் வீதம் சக்தி குறையும். மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போயிடுது. கீழ நல்லா ஓடின அதே ப்ரொப்பெல்லர் மேல வந்தா இன்ஜினுக்குச் சுமை. 

தூத்துக்குடி தண்டல்:
கார்புரேட்டரை ஒழுங்கா ட்யூன் பண்ணத் தெரியாதவங்க சொல்ற சாக்கு அது. கடல்ல எத்தனை சுமை இழுத்திருக்கோம், டிரைவுக்கு உயரம் தெரியுமா?

குன்னூர் ஸ்பேனர்:
டிரைவுக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும். கலவையைத் திருத்தலாம், ஆனா காத்தைக் கொண்டு வர முடியாது. 3.0 முழு த்ராட்டில்ல (ஆக்சிலரேட்டரை முழுசா கொடுத்து) 4,400-ல இருந்து 4,800 ஆர்பிஎம் வரை எட்டணும். எட்டலைன்னா ப்ரொப்பெல்லரோட பிட்சை (ஒரு சுத்துக்கு அது முன்னேற வேண்டிய தூரம்) குறைக்கணும். ஒரு அங்குலம் குறைச்சா ஏறக்குறைய 200 ஆர்பிஎம் கிடைக்கும். மலைக்கு வந்த படகுல இதைச் செய்யாம விடறாங்க, அப்புறம் டிரைவ் மேல பழி போடறாங்க.

பழனிமலைக்காரர்:
எங்க கொடைக்கானல் ஏரியில துடுப்பும் பெடலும்தான், இந்தக் கவலையே இல்ல. 1863-ல லெவிஞ்ச் கலெக்டர் உருவாக்கின ஏரி, எண்ணெய் கலந்தா மனசு தாங்காது. நீலகிரியிலும் அப்படியே விட்டா என்ன?

ஏரிக்காரன்:
அது வேற பேச்சுங்க. நண்பருக்கு இப்ப டிரைவ்தான் பிரச்சினை.

ரப்பர் புஷ்:
ஆயில் சீல் மாத்தினா ஏர் போட்டு அழுத்தம் சோதிக்கச் சொல்லுங்க. 15 பிஎஸ்ஐ-க்கு மேல ஏத்தாம சோப்புத் தண்ணி தடவிப் பார்க்கணும். ஆயில் அடைக்கும்போது கீழ் துளையில இருந்து ஏத்தணும், மேல் துளையில வழிஞ்சா நிறைஞ்சிருச்சு. மேலிருந்து ஊத்தினா காத்து அடைச்சுக்கும்.

ஏரிக்காரன்:
வெளி வண்டியில மெக்கானிக் வந்தா இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்க. மலைப்படகு, கோடு என்ன ஆச்சு?

மலைப்படகு:
கோடு விலகியிருந்துச்சு, ஹப்தான். கழட்டினதுல பெல்லோஸ் கிழிஞ்சு, ஜிம்பல் பேரிங் துரு. ப்ரொப்பெல்லருக்குப் பின்னாடி தங்கூசி சுருட்டு. பல்சக்கரம் பளபளன்னு நல்லாருக்கு. கொச்சி டிரைவ் வேண்டாம்னுட்டேன். எல்லாருக்கும் நன்றிங்க.

குன்னூர் ஸ்பேனர்:
நல்ல செய்தி. புது பேரிங் போட்டதும் அலைன்மென்ட் பாரை (இன்ஜினும் பேரிங்கும் நேரா இருக்கான்னு பார்க்கிற கம்பி) உள்ள விடுங்க. ரெண்டு விரலால தள்ளினா போகணும், அடிச்சு ஏத்தக் கூடாது. போகலைன்னா இன்ஜினைத் தாங்குற முன் மவுன்ட்டைச் சரிபண்ணிட்டுத்தான் டிரைவை மாட்டணும். கீழ் பாதியைப் பிரிச்சிருந்தா தண்ணி பம்ப் இம்பெல்லரையும் (தண்ணியைத் தள்ளுற ரப்பர் சக்கரம்) மாத்திடுங்க, ஆல்ஃபாவுல அது உள்ளேதான் இருக்கு. முழு த்ராட்டில்ல என்ன ஆர்பிஎம் வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க, பிட்ச் கணக்குப் போட்டுத் தர்றேன்.